லீட்ஸ் டெட்லி பீர் ஆலை: அலுவலகம் நிற்கிறது, ஆலை எங்கே?

செங்கல்சூளை:
இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் உள்ள டெட்லி கட்டடத்தைப் பழைய ஆலைகளைப் பாதுகாப்பதற்கு நல்ல முன்மாதிரி என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1822இல் ஜோஷுவா டெட்லி தொடங்கிய பீர் ஆலை 2011 ஜூனில் மூடப்பட்டது. அடுத்த ஆண்டே காய்ச்சும் கூடம், புளிக்கவைக்கும் கூடம் எல்லாம் தரைமட்டம். மிஞ்சியது 1931இல் கட்டிய தலைமை அலுவலகம் மட்டுமே. அரிசி ஆலையை இடித்துவிட்டு முதலாளியின் பங்களாவைக் காட்டி, "ஆலையைக் காப்பாற்றிவிட்டோம்" என்று சொன்னால் ஏற்றுக்கொள்வோமா?

வடகரை:
நான் லீட்ஸில் வசிப்பவன். அந்த அலுவலகத்தை இவ்வளவு மட்டமாகப் பேசாதீர்கள், நண்பரே. 1920, 30களில் பரவிய ஆர்ட் டெகோ என்ற அலங்காரப் பாணியில் எழுந்த செங்கல் கட்டடம் அது. உள்ளே நடுவில் உயர்ந்த கூடம், அதைச் சுற்றி அறைகள், சுவர்களில் மரப்பலகை வேலைப்பாடு. 2013 நவம்பரில் அதைக் கலைக்கூடமாகத் திறந்தபோது அந்த மரவேலையை மறைக்காமல் அப்படியே விட்டார்கள். நிர்வாக அறையில் ஓவியம் பார்த்துக்கொண்டு நின்றவர்களில் எத்தனையோ பேர் அதற்கு முன் அந்த வாசலைத் தாண்டியே இருக்கமாட்டார்கள். எனக்கு அது பெரிய விஷயம்.

செங்கல்சூளை:
அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் டெட்லி பீரை டெட்லி பீராக ஆக்கியது அந்த மரப்பலகையா? யார்க்‌ஷயர் சதுரத் தொட்டிகள் அல்லவா!

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அது இரண்டு அடுக்குள்ள தொட்டி. ஆதியில் கற்பலகையால் செய்தார்கள், பிறகு எஃகு வந்தது. கீழ் அடுக்கில் பீர் புளிக்கும். நடுத்தளத்தில் ஆள் இறங்கும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். நுரையோடு ஈஸ்ட் பொங்கி அந்தத் துளை வழியாக மேல்தளத்தில் ஏறும்; ஈஸ்ட் அங்கேயே தங்க, பீர் குழாய் வழியாகக் கீழே திரும்பும். வட இங்கிலாந்துக்கே உரிய இந்த முறையை அது நடந்த இடத்திலேயே காட்டும் வாய்ப்பை அந்த நகரம் கைநழுவ விட்டுவிட்டது.

படிக்கட்டு:
செங்கல்சூளை ஐயா, நடைமுறையையும் பாருங்கள். 1998 முதல் ஆலை முழுவதும் டென்மார்க் பீர் நிறுவனமான கார்ல்ஸ்பெர்க் கையில். 2008இலேயே மூடப்போவதாக அறிவித்துவிட்டார்கள். நகர மையத்துக்கு அருகில் அவ்வளவு பெரிய நிலம். எஃகுத் தொட்டிகள் நிறைந்த கூடத்தை வேறு எதற்குப் பயன்படுத்துவது? பக்கத்து ஊரான சால்டேரில் இருக்கும் சால்ட்ஸ் மில்லின் கதை வேறு. அது 1853இல் திறந்த நெசவாலை. 1986இல் மூடியதும், தறிகள் போன இடத்தில் நீண்ட வெறும் தளங்கள் கிடைத்தன. ஓவியர் டேவிட் ஹாக்னியின் ஓவியங்களை மாட்ட முடிந்தது. பீர் ஆலையில் கட்டடமே பாத்திரங்களைச் சுற்றித்தான் எழும். மால்ட்டும் (முளைகட்டி உலர்த்திய பார்லி) தண்ணீரும் மேலே ஏறி, ஒவ்வொரு கட்டமாகத் தானே கீழே இறங்கும்படி கட்டுவது விக்டோரியா காலத்து வழக்கம். பாத்திரத்தை எடுத்துவிட்டால் தளத்தில் ஓட்டைதான் மிஞ்சும்.

செங்கல்சூளை:
நீங்கள் சொல்வதே என் வாதத்துக்குப் பலம். பாத்திரமும் கட்டடமும் ஒன்று என்றால், அதில் ஒரு பகுதியையாவது பாத்திரத்தோடு விட்டிருக்க வேண்டும். ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் உள்ள ஹூக் நார்ட்டன் கிராமத்தில் அப்படிப்பட்ட கோபுர ஆலை இன்றும் பீர் காய்ச்சுகிறது. அவ்வளவு தூரம் போகவேண்டாம், லீட்ஸிலேயே கால்வாய்க்கரையில் கிர்க்ஸ்டால் பீர் ஆலை மாணவர் விடுதியாக நிற்கிறதே! ஓட்டைகளை அடைக்க அங்கே வழி கிடைத்திருக்கிறது.

வடகரை:
விடுதியான கிர்க்ஸ்டாலில் யார்க்‌ஷயர் சதுரத்தை எங்கே பார்ப்பீர்கள்? வெளிச்சுவர்தான் அங்கே மிச்சம். டெட்லியில் குறைந்தது பெயர் வாசலில் இருந்தது, பொதுமக்கள் உள்ளே வந்தார்கள். இடித்த நிலத்தில் பூங்காவும் வருகிறது. ஆலையின் பீப்பாய் வண்டியை இழுத்த ஷயர் குதிரைகளை 2006 வரை தெருவில் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் வெறும் எழுத்து அல்ல.

செங்கல்சூளை:
அந்தக் கலைக்கூடமும் 2023 டிசம்பரில் அந்தக் கட்டடத்தை விட்டு வெளியேறிவிட்டதே. பத்தே ஆண்டுகள். பூங்காவுக்கு நான் எதிரியல்ல. அதன் நடுவில் ஒரே ஒரு சதுரத் தொட்டியை, நடுத்தளமும் துளையும் தெரியும்படி வெட்டி நிறுத்தியிருந்தால் எந்த முதலீட்டாளருக்கு நஷ்டம்?

படிக்கட்டு:
ஒரு தொட்டி என்றால் நானும் கையெழுத்துப் போடுவேன். முழுக் கூடம் என்றால் மாட்டேன். பராமரிப்புச் செலவை யார் தருவார் என்பதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.