சோசியாலஜி டிஸ்கஷன் செக்ஷனில் 62. டிஏ வந்து பார்க்கச் சொல்கிறார். அவசரம்!

புதுசா_வந்தவன்:
எல்லோருக்கும் வணக்கம். ஆகஸ்டில்தான் இங்கே வந்தேன். இன்ஜினியரிங் முதல் வருடம். பொதுப் பாடம் ஒன்று எடுத்தே ஆகவேண்டும் என்றார்கள். சுலபம் என்று சீனியர் ஒருவர் சொன்னதை நம்பி சோசியாலஜி 101 எடுத்தேன். வாரம் இரண்டு லெக்சர், முந்நூறு பேர் உட்காரும் ஹால். வெள்ளிக்கிழமை 50 நிமிடம் டிஸ்கஷன் செக்ஷன், அதாவது படித்ததைப் பற்றிக் கலந்து பேசும் சின்ன வகுப்பு, இருபத்திரண்டு பேர். டிஏ (டீச்சிங் அசிஸ்டன்ட், ப்ரொஃபசருக்கு உதவும் மூத்த மாணவர்) ஒருவர் நடத்துகிறார். மிட்டெர்மில் 88 வாங்கினேன். நேற்று ராத்திரி ஆன்லைனில் பார்த்தால் செக்ஷன் மார்க் 62. ஒரு வகுப்புகூட நான் தவறவிட்டதில்லை, லேட்டாகப் போனதில்லை, யாரிடமும் பேசித் தொந்தரவு செய்ததும் இல்லை. கீழே 'ஆபீஸ் ஹவர்ஸில் (மாணவர்களைச் சந்திக்க ஒதுக்கிய நேரம்) வந்து பார்' என்று ஒரே ஒரு வரி. தூக்கமே வரவில்லை. அப்பா கடன் வாங்கி அனுப்பியிருக்கிறார், அவரிடம் இன்னும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமைதான் பாடத்தை டிராப் செய்ய, அதாவது பாதியில் விட்டுவிட, கடைசி நாள். டிராப் செய்துவிடலாமா?

லீட்ஸ்_வாசி:
62-க்கா இவ்வளவு அழுகை? இங்கே இங்கிலாந்தில் 70 வந்தால் ஃபர்ஸ்ட் கிளாஸ். 60-லிருந்து 69 வரை அப்பர் செகண்ட். 40 எடுத்தாலே பாஸ். நிம்மதியாகத் தூங்குங்கள். 88 என்பதுதான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது, அப்படி ஒரு மார்க்கை நான் கண்ணால் பார்த்ததே இல்லை.

ஜெர்மனி_ஜன்னல்:
இங்கே 1.0 தான் உச்சம், 4.0 பாஸ், 5.0 வந்தால் பெயில். ஊருக்கு போன் போட்டு "ஒன்று வாங்கினேன்" என்றபோது அம்மா அழுதேவிட்டார். எந்த நாடு தம்பி, அதைச் சொல்லவே இல்லையே?

புதுசா_வந்தவன்:
மன்னிக்கவும். அமெரிக்கா, மிட்வெஸ்ட்.

பனிமூட்டம்:
அப்படியானால் 62 என்பது டி மைனஸ், பெயிலுக்கு ஒரு படி மேல், தம்பி. நான் 2009-இல் மினசோட்டாவுக்கு வந்தவன். ஒரே அறையில் நாலு பேர், மெத்தை இல்லை, ஹீட்டரை எப்படிப் போடுவது என்று தெரியாமல் முதல் வாரம் ஷூவைக் கழற்றாமலே தூங்கினோம். பஸ் நிறுத்தத்தில் காது விறைத்துப்போய் அரை மணி நேரம் நின்றிருக்கிறேன். முதலில் ஒரு நல்ல ஜாக்கெட் வாங்கு, பனி விழும்வரை காத்திருக்காதே. மார்க் விஷயத்தில் டிஏவிடம் கெஞ்சிப் பயனில்லை, அவரும் மாணவர்தான். நேரே ப்ரொஃபசரைப் போய்ப் பார்.

ஸ்கார்பரோ_அக்கா:
ஐயோ, அப்படிச் செய்யாதீங்கோ தம்பி. டிஏயைத் தாண்டி மேலே போனால் ப்ரொஃபசர் உங்களை அவரிடமே திருப்பி அனுப்புவார், பிறகு முகம் பார்க்கக் கூச்சமாக இருக்கும். இங்கே கனடாவில் டிஸ்கஷன் செக்ஷனை டியூட்டோரியல் என்பார்கள். நான் படித்த காலத்தில் பகலில் தொழிற்சாலை, இரவில் வகுப்பு. முதல் நாள் டிஏயை 'சேர்' என்று கூப்பிட்டேன். அவன் என் தம்பியை விடச் சின்னப் பெடியன், பயந்துபோய்விட்டான். இரண்டு மாதம் வாயே திறக்கவில்லை. கதைக்காவிட்டால் வராதவர் கணக்குத்தான் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

கோவை_டு_டாலஸ்:
அதைத்தான் நானும் கேட்கிறேன், இது என்ன நியாயம்? புத்தகத்தைத் திறக்காமலே வந்து "எனக்கு என்ன தோன்றுகிறது என்றால்" என்று அஞ்சு நிமிடம் பேசுகிறவனுக்கு முழு மார்க். நாற்பது பக்கமும் படித்துவிட்டு அமைதியாக உட்கார்ந்திருப்பவனுக்கு 62. நம்ம ஊர் வகுப்பில் வாயைத் திறந்தால் அதிகப்பிரசங்கி என்று வெளியே நிறுத்துவார்கள். இங்கே அதற்குத்தான் மார்க்கே.

பனிமூட்டம்:
சரியாகச் சொன்னீர்கள். நியாயமும் இல்லை, நல்ல முருங்கைக்காயும் இல்லை. ஃப்ரோசன் பாக்கெட்டில் வருவதை முருங்கைக்காய் என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

கோவை_டு_டாலஸ்:
வீட்டு வாடகையை விட்டுவிட்டீர்களே! தம்பி, அப்பாவிடம் சொல்லி டிபார்ட்மென்டுக்கு ஒரு மெயில் போடச் சொல். ஃபீஸ் கட்டுகிறவர் கேட்டால் பதில் சொல்லித்தானே ஆகவேண்டும். படித்ததைப் பற்றி வாராவாரம் எழுதும் ரெஸ்பான்ஸை சாட்ஜிபிடியிடம் கொடுத்துவிடு, நேரம் மிச்சம்.

முன்னாள்_டிஏ:
இதற்கு மேல் பொறுக்க முடியாமல் எழுதுகிறேன். இதே பாடத்துக்கு ஐந்து செமஸ்டர் செக்ஷன் நடத்தியிருக்கிறேன். கோவை சொன்ன இரண்டையும் செய்யாதே தம்பி. 1974-இல் வந்த ஃபெர்பா என்ற சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்த பிறகு உன் மதிப்பெண் விவரம் உன் உரிமை. உன் அனுமதி இல்லாமல் அப்பாவிடம் அவர்கள் பேச மாட்டார்கள், அந்த மெயில் உனக்குச் சங்கடத்தை மட்டும்தான் தரும். ரெஸ்பான்ஸை மெஷினிடம் கொடுத்து மாட்டினால் கதையே வேறு, அதில் 62 பற்றியா கவலைப்படுவாய்.

இப்போது நீ சொல்லாமல் விட்டவை. சிலபஸில் செக்ஷனுக்கு எத்தனை சதவீதம் போட்டிருக்கிறது? இந்த செமஸ்டரில் மொத்தம் எத்தனை கிரெடிட் எடுத்திருக்கிறாய்?

புதுசா_வந்தவன்:
செக்ஷனுக்கு 20 சதவீதம். மொத்தம் 13 கிரெடிட், இந்தப் பாடம் 3.

முன்னாள்_டிஏ:
அப்படியானால் செவ்வாய்க்கிழமைப் பேச்சை முதலில் நிறுத்து. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இளங்கலை படிப்பவருக்குக் குறைந்தது 12 கிரெடிட் வேண்டும். இதை டிராப் செய்தால் உனக்கு 10 தான் மிஞ்சும். சர்வதேச மாணவர் அலுவலகத்தில் டிஎஸ்ஓ என்ற பொறுப்பு அதிகாரியின் அனுமதி வாங்காமல் அப்படிச் செய்தால் மார்க் பிரச்சினை விசா பிரச்சினையாகிவிடும். அமெரிக்கப் பாட முறை பழக்கமில்லை என்ற காரணத்துக்குப் பாடச்சுமையைக் குறைக்க விதியில் இடம் உண்டு, ஆனால் டிராப் செய்வதற்கு முன்பே கேட்க வேண்டும், ஒரு பட்டப்படிப்புக்கு ஒரு முறைதான் கிடைக்கும். அதை இதற்காகச் செலவழிக்காதே.

கணக்கும் அவ்வளவு மோசமில்லை. 62 இப்படியே நின்றாலும் இருபதுக்கு 12.4. மீதி 80 சதவீதத்தில் 88 வாங்கினால் 70.4. மொத்தம் 82.8, பெரும்பாலும் பி மைனஸ். அதுவும் பாதி செமஸ்டர் கையில் இருக்கும்போது.

62 ஏன் வந்தது என்பதற்கு வருகிறேன். நம் பிள்ளைகள் எழுதும் ரெஸ்பான்ஸைப் பெயர் பார்க்காமலே கண்டுபிடித்துவிடுவேன். வரையறை, வகைகள், நன்மை, தீமை, முடிவுரை. எல்லாம் சரியாகவே இருக்கும், ஆனால் எழுதியவர் அதில் எங்கேயும் இருக்க மாட்டார். அங்கே கேட்பது வேறு. உதாரணத்துக்கு சி. ரைட் மில்ஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1959-இல் எழுதியதை உங்களுக்கும் முதல் வாரமே கொடுத்திருப்பார்கள். லட்சம் பேர் உள்ள ஊரில் ஒருவனுக்கு வேலை இல்லையென்றால் அது அவன் சொந்தக் கஷ்டம். ஐந்து கோடிப் பேர் வேலை செய்யும் நாட்டில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு வேலை இல்லையென்றால் அது பொதுப் பிரச்சினை. இதைச் சுருக்கி எழுதினால் நான் பாதி மார்க்தான் போடுவேன். "என் அப்பா எடுத்த கல்விக் கடன் இதில் எந்தப் பக்கம்? ராத்திரி தூக்கம் வராதது என் கஷ்டம், எங்கள் தெருவில் ஏழு வீட்டில் அதே கடன் என்றால்?" என்று கேட்டுவிட்டு, மில்ஸ் சொன்னது எந்தப் பக்கத்தில் இருக்கிறது, எந்த இடத்தில் இது பொருந்தவில்லை என்று காட்டினால் முழு மார்க். சொந்தக் கதை சொல்லச் சொல்வதாக நினைத்துக்கொள்ளாதே. கதையிலிருந்து வாசித்த பக்கத்துக்குத் திரும்பி வரவேண்டும். திரும்பி வராமல் பேசிக்கொண்டே போகிறவனுக்கு, கோவை நினைப்பதுபோல், நான் முழு மார்க் போட்டதில்லை.

பேசுவது கஷ்டம் என்று எனக்கும் தெரியும். கேள்வி ஒன்றை வீட்டிலேயே துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போ. முதல் பத்து நிமிடத்துக்குள் கேட்டுவிடு, நேரம் போகப்போக வாய் பூட்டிக்கொள்ளும். "அவர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன்" என்று இன்னொருவர் பேச்சைத் தொட்டுப் பேசினாலும் கணக்குதான்.

பனிமூட்டம்:
துண்டுச் சீட்டு வைத்துப் படித்தால் சிரிக்க மாட்டார்களா?

முன்னாள்_டிஏ:
வந்தவர்களில் பாதிப் பேர் லேப்டாப்பைப் பார்த்துத்தான் படிப்பார்கள். யாரும் சிரித்ததில்லை.

ஆபீஸ் ஹவர்ஸ் என்பது ஹெட்மாஸ்டர் அறை இல்லை தம்பி. அந்த ஒரு மணி நேரம் யாராவது வருவார்களா என்று நான் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். 'வந்து பார்' என்றால் திட்டப்போகிறார் என்று அர்த்தமில்லை. 'மார்க்கைக் கூட்டிப் போடுங்கள்' என்று மட்டும் கேட்காதே. உன் ரெஸ்பான்ஸ் ஒன்றை அச்செடுத்துக்கொண்டு போய், "இது முழு மார்க் வாங்க வேண்டுமானால் என்ன செய்திருக்க வேண்டும்?" என்று கேள். சார், மேடம் வேண்டாம், பெயர் சொல்லியே கூப்பிடலாம்.

கடைசியாக ஒன்று. வருகைப் பட்டியலில் உன் பெயர் எப்படி இருக்கிறது? பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியா?

புதுசா_வந்தவன்:
ஆமாம், காலி. அதனால் விசாவில் என் பெயரை சர்நேம் இடத்தில் போட்டு, முதல் பெயர் இடத்தில் எஃப்என்யூ என்று போட்டிருக்கிறார்கள். முதல் மூன்று வாரம் டிஏ "ஃப்னூ, ஃப்னூ" என்று யாரையோ கூப்பிட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. பாவம் அந்தப் பையன் வரவே இல்லை போல என்று நானும் நினைத்துக்கொண்டு...

ஸ்கார்பரோ_அக்கா:
கடவுளே. அந்தப் பெடியன் நீங்கள்தான் தம்பி.

லீட்ஸ்_வாசி:
சிரிக்கக் கூடாது. ஆனால் சிரித்துவிட்டேன்.

முன்னாள்_டிஏ:
'ஃபர்ஸ்ட் நேம் அன்நோன்', அதாவது முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம்தான் எஃப்என்யூ. திங்களன்று முதல் வேலையாக இதைச் சொல். ரிஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் விருப்பப் பெயர் பதிய வழி இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் பதிந்துவிடு, பட்டியலில் அதுவே வரும்.

புதுசா_வந்தவன்:
போய்விட்டு வந்தேன். மூன்று வாரம் ஆப்சென்ட் போட்டிருந்ததை அங்கேயே திருத்தினார், இப்போது 74. மீதி நான் வாயைத் திறக்காததற்கும், 'நன்மை, தீமை' எழுதியதற்கும்தான். என் பெயரை நாலு தடவை சொல்லிப் பழகிக்கொண்டார், கடைசித் தடவை ஓரளவு சரியாக வந்தது. டிராப் செய்யவில்லை. அப்பாவிடம் 88-ஐ மட்டும் சொன்னேன். வெள்ளிக்கிழமைக்கான கேள்வி எழுதியாகிவிட்டது, சீட்டு பர்ஸில் இருக்கிறது. பனிமூட்டம் அண்ணா, அந்த ஜாக்கெட்டை எங்கே வாங்குவது?

பனிமூட்டம்:
இப்போது வாங்காதே. நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் மறுநாள் விலை இறங்கும். அதுவரை இரண்டு ஸ்வெட்டர் போட்டுச் சமாளி.