எல்லைப் பக்கத்து வகுப்பறைகளில் எங்களுக்கு வாய்த்த ஆசிரியர்கள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

திறமையைக் கண்டுபிடித்து வளர்த்த ஆசிரியரைப் பற்றி எழுதச் சொல்கிறீர்கள். உண்மையைச் சொன்னால், எங்கள் பிசிக்ஸ் டீச்சர் என்னிடம் ஒரு திறமையையும் கண்டுபிடிக்கவில்லை. நான் எழுதியதைத் தன்னால் படிக்க முடியவில்லை என்பதைத்தான் கண்டுபிடித்தார்.

1956-இல் மாநிலம் பிரித்தபோது பாலக்காடு மாவட்டத்து எங்கள் ஊர் கேரளத்துப் பக்கம் நின்றுவிட்டது. வீட்டில் தமிழ், சந்தையில் தமிழ், தாலுகா ஆபீசில் மலையாளம். பத்தாம் வகுப்பு வரை தமிழ் மீடியத்தில் படிக்கலாம். சிக்கல் பிளஸ் ஒன்னில்தான். புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கும், விளக்கம் மலையாளத்தில் நடக்கும், எனக்கு அறிவியல் தெரிந்ததோ தமிழில். அட்மிஷன் அன்றே ஒரு சார், "தமிழ் மீடியமா? சயன்ஸ் எதுக்கு, ஹியூமானிட்டீஸ் எடுத்திருக்கலாமே" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அதுவரை பார்த்த பிள்ளைகளை வைத்துச் சொன்னார், அவ்வளவுதான்.

முதல் டெஸ்டில் பிசிக்ஸுக்கு 20க்கு 2. டீச்சர் என்னை ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டார். திட்டு விழும் என்று நின்றேன். அவர் தாளின் ஓரத்தில் விரல் வைத்து, "எந்தாடா இது?" என்று கேட்டார். அங்கே பென்சிலில் தமிழில் கணக்குப் போட்டிருந்தேன். அழிக்க மறந்துவிட்டேன். படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். கணக்கு சரி. ஆங்கிலத்துக்கு மாற்றும்போதுதான் எல்லாம் சிதறியிருந்தது.

அப்புறம் ஒரு வாக்கியத்தைக் காட்டினார். மலையாளத்தில் மொமென்டத்துக்கு 'ஆக்கம்' என்று பெயர். எனக்கு உந்தம் என்றால் தெரியும். ஆக்கம் என்றால் ஏதோ படைப்பு, செல்வம். மோதலுக்கு முன்னும் பின்னும் ஆக்கம் மாறாது என்று வகுப்பில் சொன்னதை நான் என்னவோ தத்துவம் என்று நினைத்து அப்படியே எழுதி வைத்திருந்தேன். மாஸுக்கு 'பிண்டம்' என்று அவர் சொன்ன அன்று திதி கொடுக்கிற நினைப்பு வந்ததையும் ஒப்புக்கொண்டேன். டீச்சர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்து முடித்துவிட்டு, "சரி, இனி நீ டெஸ்டுக்குத் தமிழில் எழுது. ஞான் வாயிச்சோளாம்" என்றார். நான் படித்துக்கொள்கிறேன் என்று அர்த்தம்.

அவருக்கு அப்போது ஓர் எழுத்துகூடத் தமிழ் படிக்கத் தெரியாது!

அதை அவர் கற்றுக்கொண்ட விதம்தான் எனக்கு இன்றும் ஆச்சரியம். தினமும் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது பொள்ளாச்சி பஸ்ஸின் போர்டைப் பார்ப்பார். முதலில் படித்த சொல் 'பொள்ளாச்சி'தான். மறுநாள் வந்து, "ஒற்றைக் கொம்பு முன்னால், கால் பின்னால், அதுக்கு நடுவில் ப. எங்கள் 'பொ' மாதிரியேதானே!" என்று வெற்றியோடு சொன்னார். ஆனால் எங்கள் 'க' அவரைப் பாடாய்ப் படுத்தியது. மலையாளத்தில் க வரிசையில் நான்கு எழுத்து இருக்க, நாங்கள் ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு எப்படிப் பிழைக்கிறோம் என்பது அவருடைய நிரந்தரக் கேள்வி.

நீல அட்டை போட்ட ஒரு நோட்டில் மூன்று பத்தி பிரித்தோம். திசைவேகம், பிரவேகம், வெலாசிட்டி. முடுக்கம், த்வரணம், ஆக்ஸிலரேஷன். எடை, பாரம், வெயிட். தமிழ்ப் பத்தியை நான் எழுத, மற்ற இரண்டையும் அவர் எழுதினார். ஒவ்வொரு டெஸ்டிலும் தமிழில் எழுதும் வரிகள் குறைந்துகொண்டே வந்தன. நிறுத்து என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. கிறிஸ்துமஸ் பரீட்சையை முழுக்க ஆங்கிலத்தில் எழுதினேன். 60க்கு 31. பெரிய மார்க் இல்லைதான். அப்புறம் டிப்ளமோ முடித்து, இப்போது கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் மெஷின் பராமரிப்பு. மேனுவல் ஆங்கிலத்தில், சூப்பர்வைசர் மலையாளத்தில், ஹெல்பர் தமிழில். மனசுக்குள் அந்த மூன்று பத்தி இன்னும் ஓடுகிறது.

மூணாறு எஸ்டேட்டிலிருந்து:

அண்ணா, உங்கள் டீச்சர் போல எங்கள் டீச்சர் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

கேரளப் பள்ளிக் கலோத்சவம், அதாவது பள்ளிப் பிள்ளைகளின் கலைப் போட்டி விழா, 1957-இலிருந்து நடக்கிறது, தெரியும்தானே? அதில் தமிழுக்கும் பத்யம் சொல்லல் (செய்யுள் ஒப்பித்தல்) உண்டு. மாநில அளவில் கிரேடு வாங்கினால் பரீட்சையில் கூடுதலாகக் கிரேஸ் மார்க் கிடைக்கும் என்பதால் ஜெயிக்கிற பிள்ளையைத்தான் பள்ளிகள் அனுப்பும். எங்கள் டீச்சர் என்னை அனுப்பினார். நான் ஜெயிக்க மாட்டேன் என்று எனக்கே தெரியும். அம்மா கொழுந்து எடுக்கப் போவதால் தம்பியைத் தூக்கிக்கொண்டுதான் பள்ளிக்கு வருவேன், ஒத்திகைக்கு நேரமே இருக்காது.

உபஜில்லா (துணை மாவட்ட) போட்டியில் பி கிரேடு. திரும்பி வரும் ஜீப்பில் அழுதேன். டீச்சர் சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. "நீ காத்துன்னு சொன்ன. காற்று. சொல்லு" என்றார். அடுத்த வளைவில் 'நேற்று', அதற்கடுத்த வளைவில் 'ஊற்று'. எங்கள் எஸ்டேட் லயத்துக்கு (வரிசை வீடுகளுக்கு) வந்து சேருவதற்குள் அழுகை நின்று, எனக்குக் கோபம் வந்திருந்தது. இப்போது அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். பிள்ளைகள் 'காத்து' என்றால் நானும் விடுவதில்லை, பாவம் அதுகள்.

நகரியிலிருந்து:

எல்லாரும் படிப்பைப் பற்றி எழுதுகிறீர்கள், நான் தூக்கத்தைப் பற்றி எழுதுகிறேன்.

ஆந்திராவில் இருக்கும் எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு விசைத்தறி. எட்டாவது படிக்கும்போது ராத்திரி பதினொரு மணி வரை தார் சுற்றுவேன், அதாவது தறிக்கான ஊடை நூலைக் குச்சியில் சுற்றுவேன். காலையில் முதல் பீரியட் கணக்கு, நேராகத் தூக்கம். தெலுங்கு பேசும் சார் அவர். ரெண்டு நாள் பெஞ்சு மேல் நிற்க வைத்தார். நின்றுகொண்டே தூங்கினேன். மூன்றாம் நாள் சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிட்டார். அப்பாவிடம் புகார் சொல்வார் என்று பார்த்தால், தறி பக்கத்தில் போய் நின்று, துணியில் ஓடும் கட்டத்தைக் காட்டி ஏதேதோ கேட்டுக்கொண்டிருந்தார். அப்பாவும் உற்சாகமாகப் பதில் சொன்னார், தறி இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்தி.

மறுநாள் வகுப்பில் ஒரு கணக்கு: 'ஒரு பாவில் (தறியில் நீளவாக்கில் ஓடும் நூலில்) 24 இழை சிவப்பு, 16 இழை நீலம், மறுபடி 24, 16 என்று போகிறது. மொத்தம் 2400 இழை. எத்தனை சிவப்புப் பட்டை?' பாதித் தூக்கத்திலேயே "அறுபது" என்றேன். எனக்கு அது கணக்கே இல்லை, வீட்டு வேலை. சார் போர்டில் 60 என்று எழுதிவிட்டு, "இப்ப தூங்கிக்கோ" என்றார். வகுப்பே சிரித்தது. அன்றைக்குத்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்பா தார் சுற்றுவதை ஒன்பது மணியோடு நிறுத்தச் சொன்னார். சார் கேட்டுக்கொண்டாரா, அப்பாவுக்கே தோன்றியதா, ரெண்டு பேரும் கடைசிவரை சொல்லவில்லை. கொழிஞ்சாம்பாறை அண்ணா, அந்த நீல நோட்டு இன்னும் இருக்கிறதா? ஒரு போட்டோ போடுங்களேன்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

என்னிடம் இல்லை தம்பி. பிளஸ் டூ முடித்ததும் அதைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். டீச்சர் வாங்கிக்கொள்ளாமல், அந்த வருஷம் வேலந்தாவளத்திலிருந்து தமிழ் மீடியம் முடித்து வந்திருந்த ஒரு பெண்ணிடம் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். வேதியியல் சொற்களுக்கு அவள் பின்பக்கத்திலிருந்து தொடங்கியிருப்பதாக அடுத்த வருஷம் கேள்விப்பட்டேன். அதற்கப்புறம் யார் கைக்குப் போயிற்றோ. இதைப் படிக்கிற யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். முதல் பக்கத்தில் 'பொள்ளாச்சி' என்று மூன்று தடவை கோணல் எழுத்தில் எழுதியிருக்கும். அது டீச்சர் எழுதியது.