புதுப்பிப்பு: மேடைக்கும் ஒலிப்பதிவுக்கும் ஒரே டிஜிட்டல் பியானோ – ரோலண்ட் ஆர்டி-88 வாங்கினேன்

ஹட்டன் பக்கத்து விழா மேடைகளுக்கும் வீட்டு ஒலிப்பதிவுக்கும் யமஹா சிபி88 நல்லதா, ரோலண்ட் ஆர்டி-88 நல்லதா என்று இங்கே கேட்டிருந்தேன். பொறுமையாக விளக்கிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

விரலுக்கு இதமாக இருந்தவை சிபி88இன் மரத்தாலான வாசிப்புக் கட்டைகளே. அதை இப்போதும் சொல்வேன். ஆயினும், "முதலில் எடையைப் பாருங்கள் தம்பி" என்று பதுளை அண்ணர் எழுதியதே முடிவைத் தீர்மானித்தது. சிபி88 18.6 கிலோ, ஆர்டி-88 13.5 கிலோ; தோட்டத்துப் படிக்கட்டுகளில் தோளில் சுமந்து ஏறுபவருக்கு அந்த 5 கிலோ மிகப் பெரிது. ஆர்டி-88இன் உள்ளேயே ஸ்பீக்கர் இருப்பதால் ஒத்திகைக்கு வேறொன்றும் தேவைப்படுவதில்லை. ஒலிப்பதிவின்போது ஒரே யூஎஸ்பி கேபிளில் ஒலியும் மிடியும் (எந்தக் கட்டையை எப்படி அழுத்தினோம் என்ற தகவல்) சேர்ந்தே கணினிக்குச் செல்கின்றன.

எதிர்பாராதது ஒன்று: மடிக்கணினியை யூஎஸ்பியில் இணைத்தபடியே மண்டபத்து மிக்சருக்கும் ஒலியைக் கொடுத்தபோது, ஸ்பீக்கர்களில் "ம்ம்ம்" என்ற இரைச்சல் எழுந்தது. சார்ஜரைக் கழற்றியதும் அது நின்றுவிட்டதால், எர்த் இணைப்பு இரு வழிகளில் சுற்றி வருவதே காரணம் என்று தெளிவாயிற்று. இங்கே ஒருவர் பரிந்துரைத்த இரட்டைத் தட டிஐ பெட்டியை (இசைக்கருவியின் ஒலியை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சிறு பெட்டி) பியானோவுக்கும் மிக்சருக்கும் இடையில் வைத்து, ஒலிக் கேபிள் வழியிலான எர்த் இணைப்பைத் துண்டிக்கும் அதன் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டியதும், சார்ஜர் இணைந்திருந்தபோதும் இரைச்சல் அடங்கியது. இதே சிக்கலுக்காகப் பிளக்கின் எர்த் முனையை யாரும் கழற்றிவிட வேண்டாம். அது உயிருக்கே ஆபத்து.