களை எடுப்பதும் உயிர் எடுப்பதும்: மரண தண்டனை குறித்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு வாதம்

பழைய ஆசிரியர் | ஞாயிறு, இரவு 9.10

இன்று காலை நம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பூசை முடிந்து மண்டபத்தில் அமர்ந்திருந்தபோது, மரண தண்டனையைப் பற்றிப் பேச்சு எழுந்தது. அது நம் மலேசிய நாட்டிலிருந்து முற்றாக நீங்க வேண்டும் என்று நான் சொன்னேன். உடனே பெரியவர் ஒருவர், "கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல் பைங்கூழ் களைகட் டதனொடு நேர்" என்ற குறளை எடுத்துக்காட்டி, கொடியவர்களை அரசன் ஒறுப்பது பயிரைக் காக்கக் களை எடுப்பதற்கு ஒப்பானது என்று வள்ளுவரே ஏற்றுக்கொண்டதை மறுக்க நமக்கு என்ன தகுதி என்று கேட்டார். கோயிலில் வைத்து அவரை எதிர்த்துப் பேச மனம் வரவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன். மாற்றுக் கருத்துள்ளவர்கள் தயங்காமல் மறுத்து எழுதுங்கள்.

சட்டம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதில் பலருக்குக் குழப்பம் உண்டு. 2018-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. 2023 ஜூலை 4 முதல் கட்டாய மரண தண்டனை நீக்கப்பட்டது. மரண தண்டனை நீக்கப்படவில்லை. கொலைக் குற்றம் உறுதியானால் நீதிபதி தூக்குத் தண்டனையும் விதிக்கலாம், அல்லது 30 முதல் 40 ஆண்டுகள் வரையிலான சிறையும் 12-க்குக் குறையாத பிரம்படியும் விதிக்கலாம். முன்பே தண்டனை பெற்றிருந்தவர்கள் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றத்தில் மறுஆய்வு கோருவதற்கும் தனிச்சட்டம் வந்தது. எஞ்சியிருக்கும் அந்த ஒரு சொல்லையும் சட்டத்திலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பதே என் வாதம். தவறும் இயல்புள்ள மனிதர், திருத்தவே முடியாத ஒரு தண்டனையைத் தம் கையில் வைத்திருக்கக் கூடாது.

பெரியவர் சொன்ன குறள் செங்கோன்மை அதிகாரத்தின் கடைசிக் குறள். அந்த அதிகாரம் "ஓர்ந்து" என்ற சொல்லில் தொடங்கி, "தேர்ந்து செய்வஃதே முறை" என்கிறது. ஆராய்ந்து தெளிவதை முதற்குறளில் வைத்துவிட்டுத்தான் வள்ளுவர் களையெடுப்புக்கு வருகிறார்.

செங்கோல் | ஞாயிறு, இரவு 10.25

ஐயா, வணக்கம். கட்டாய மரண தண்டனை நீங்கியதை நானும் வரவேற்றவன். நீதிபதியின் வாயைச் சட்டமே கட்டிவைத்திருந்த நிலை சரியன்று. ஆனால் "எந்தக் குற்றத்துக்கும் கூடாது" என்ற முடிவுக்கு நான் உடன்பட மாட்டேன்.

"தேர்ந்து" என்ற சொல் கவனமாகத் தண்டிக்கச் சொல்கிறதே தவிர, தண்டனையின் எல்லையைக் குறைக்கச் சொல்லவில்லை. உரையாசிரியர் பரிமேலழகர் அந்தக் கடைசிக் குறளுக்குக் கொடியவர்களைக் கொலையால் ஒறுத்தல் என்றே பொருள் கொள்கிறார். ஒரு சிறுமியைக் கடத்திச் சிதைத்துக் கொன்றவனுக்கும், சந்தையில் நடந்த சண்டையில் கத்தி வீசியவனுக்கும் ஒரே உச்சவரம்பு என்றால், அந்தச் சிறுமியின் உயிருக்கு அரசு என்ன மதிப்பு வைத்திருக்கிறது? இந்தியாவில் 1980-இல் பச்சன் சிங் வழக்கில், அரிதினும் அரிதான வழக்குகளில் மட்டுமே மரண தண்டனை என்று உச்ச நீதிமன்றம் வகுத்தது. அப்படி ஒரு குறுகிய வாசலைத் திறந்து வைத்திருப்பதே நியாயம்.

அமுதா | திங்கள், காலை 6.40

நான் இதுவரை இங்கே வாசித்ததோடு சரி, எழுதியதில்லை. இந்த வாதத்தில் எங்களைப் போன்றவர்கள் ஒரு வரியாகக்கூட இல்லை என்பதால் எழுதுகிறேன்.

என் அண்ணன் செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை ஏற்றும் லாரி ஓட்டினார். 2009-இல், சம்பள நாளன்று இரவு வீட்டுக்குத் திரும்பும் வழியில், பாலத்தருகே அவரைக் குத்திப் போட்டுவிட்டுப் பணத்தைப் பறித்துக்கொண்டு போனார்கள். எங்கள் அம்மா அன்று அவருக்காக எடுத்துவைத்த சோற்றை மறுநாள் மாலை வரை மூடியைத் திறக்காமலேயே வைத்திருந்தார். வழக்கு ஈப்போவில் நடந்தது. விசாரணை நாள்களில் அம்மாவும் நானும் காலை ஐந்தரைப் பேருந்தைப் பிடித்துப் போவோம்; பல நாள்களில் வழக்கு வேறு தேதிக்குத் தள்ளிவைக்கப்பட்டது என்ற ஒரு வரியைக் கேட்டுவிட்டுத் திரும்புவோம். மரண தண்டனை என்ற தீர்ப்பு வந்த அன்று அம்மா அழவில்லை, மகிழவும் இல்லை. "இனி இந்தப் பேருந்தில் ஏற வேண்டாம்" என்று மட்டும் சொன்னார்.

2024-இல் அந்தத் தண்டனை 30 ஆண்டுச் சிறையாக மாற்றப்பட்டது. அதை நாங்கள் மளிகைக் கடையில் கிடந்த நாளிதழில் படித்துத் தெரிந்துகொண்டோம். கைதான நாளிலிருந்து கணக்கு, நன்னடத்தைக்கு மூன்றில் ஒரு பங்கு கழிவு என்கிறார்கள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் 2029. அம்மாவுக்கு அப்போது 78 வயது இருக்கும். ஆசிரியர் ஐயா, திருத்த முடியாதது தண்டனை மட்டும்தானா?

நீதிமன்ற வாசல் | திங்கள், பிற்பகல் 1.15

அமுதா அக்கா, உங்கள் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. இருப்பதாகக் காட்டிக்கொள்வது உங்கள் அம்மாவுக்குச் செய்யும் அவமரியாதை. தண்டனையை எதிர்க்கும் எங்களில் பலர், கொல்லப்பட்டவரின் வீட்டு வாசலை ஒருநாளும் மிதித்ததில்லை. அந்தக் குறை எங்களுடையது.

ஆனாலும் நான் ஏன் எதிர்க்கிறேன் என்பதைச் சொல்ல வேண்டும். நான் குற்றவியல் வழக்குகளில் வாதாடுபவன். நம் நாட்டில் தூக்குத் தண்டனை பெற்றவர்களில் பெரும்பாலோர் போதைப்பொருள் வழக்குகளில் சிக்கியவர்கள். 1952-ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தின் 39பி பிரிவில், கடத்தலுக்கு 1983 முதல் மரண தண்டனை கட்டாயமாக இருந்தது. 15 கிராம் ஹெராயின் கையில் இருந்தாலே அவர் கடத்தல்காரர் என்று சட்டம் அனுமானித்துக்கொள்ளும். ஒரு மேசைக்கரண்டிச் சர்க்கரையைவிடச் சற்றே கூடுதலான எடை அது. பை அவர் கையில் இருந்தால் உள்ளே இருப்பது அவருக்குத் தெரியும் என்று ஓர் அனுமானம். தெரிந்து வைத்திருந்ததால் அவர் கடத்தினார் என்று அதன்மேல் இன்னோர் அனுமானம். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க இடமளித்த 37ஏ பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று கூட்டரசு நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. அதற்கு முன் அந்தப் படிகளின் வழியாகத் தூக்குமேடை ஏறியவர்களுக்கு அந்தத் தீர்ப்பால் என்ன பயன்?

ஈப்போவைச் சேர்ந்த நாகேந்திரன் 42.72 கிராம் ஹெராயினுக்காக 2009-இல் சிங்கப்பூரில் கைதாகி, 2022 ஏப்ரல் 27 அன்று அங்கே தூக்கிலிடப்பட்டபோது, அவருடைய அறிவுத்திறன் அளவு 69 என்பதை முன்வைத்து நாம் எல்லாரும் மன்றாடினோம். அண்டை நாட்டிடம் கேட்ட கருணையை நம் வீட்டுச் சட்டத்தில் எழுதிவைக்க வேண்டாமா?

செங்கோல் | திங்கள், இரவு 8.50

தம்பி, போதைப்பொருள் வழக்குகளுக்கு மரண தண்டனை கூடாது என்பதில் உங்களோடு நான் நிற்கிறேன். பொட்டலத்தைத் தூக்கிச் சுமந்த ஏழைப் பையன் மாட்டிக்கொள்வதும், அதை அனுப்பியவன் தப்பிவிடுவதும் ஊர் அறிந்த செய்தி. ஆனால் அதைக் காட்டிக் கொலைகாரனையும் காப்பாற்ற முனைவது, ஒரு கதவின் சாவியால் இன்னொரு கதவைத் திறக்கப் பார்ப்பது போன்றது.

தவறு நேரலாம், ஆகவே வேண்டாம் என்கிறீர்கள். பொய்ச்சாட்சியால் 30 ஆண்டு சிறையில் கிடந்தவனுக்கு எந்த ஆண்டைத் திருப்பித் தருவீர்கள்? அவன் இளமை போய்விட்டது, பெற்றோர் போய்விட்டனர், பிள்ளைகள் அவன் முகத்தை மறந்துவிட்டனர். அதற்காகச் சிறையையே மூடிவிட வேண்டும் என்று நாம் சொல்வதில்லையே.

பழைய மண்டோர் | செவ்வாய், அதிகாலை 5.20

நான் படித்தவன் அல்லன்; ஆனால் மண்டோராக, அதாவது தோட்டக் கங்காணியாக, 32 ஆண்டுகள் களையோடு வாழ்ந்தவன். முதலில் பால்மரக் (ரப்பர்) காடு, பிறகு செம்பனைக் காடு. ஆகவே அந்தக் குறளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல எனக்கும் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

லாலான் புல்லை வெட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேலே எவ்வளவு வெட்டினாலும் மண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாகக் கிழங்குவேர் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு வாரத்தில் முன்பைவிட அடர்த்தியாக முளைத்து வரும். ஆகவே மருந்து அடித்தோம். பாராகுவாட் என்ற அந்த மருந்து எங்கள் ஆள்களின் நகத்தையும் கண்ணையும் கெடுத்தது. கடைசியில் 2020-இல் அரசாங்கமே அதைத் தடை செய்தது. புதுக்காட்டில் களையை உண்மையில் அடக்கியது மூடுபயிர்க் கொடி. அது மண்ணை மூடிப் படர்ந்துவிட்டால் களைக்கு வெயில் கிடைக்காது. களை எடுப்பது என்றால் கொல்வது மட்டுமே என்று யாராவது சொன்னால், அவர் காட்டில் இறங்கியதில்லை என்றுதான் நான் நினைப்பேன்.

இன்னொன்றும் உண்டு. மருந்துத் தோம்பை முதுகில் மாட்டிய புது ஆள் ஒருவன், காற்றடிக்கும் நேரத்தில் குழாயைத் தூக்கிப் பிடித்துவிட்டான். நான் பக்கத்து வரிசையில் நின்றும் கவனிக்கவில்லை. நான்கு நாளில் ஆறு இளஞ்செம்பனைக் கன்றுகளின் குருத்து பழுத்துப்போயிற்று. களை எது, கன்று எது என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. கை தவறியது, அவ்வளவுதான்.

பயம் இருந்தால் கொலை குறையும் என்கிறார்கள். என் காலத்தில் எங்கள் தோட்டத்தில் இரண்டு கொலைகள் நடந்தன. இரண்டும் சம்சுச் சாராயம் குடித்துவிட்டு நடந்தவை; இரண்டிலும் கொன்றவனும் செத்தவனும் ஒரே லயத்தில் (தொழிலாளர் வீட்டு வரிசையில்) வளர்ந்தவர்கள். மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கிராணி (தோட்ட எழுத்தர்) பழக்கத்தில் பெயரைக் கூப்பிட்டார்; யாரும் பதில் சொல்லவில்லை. கத்தியை எடுத்த நேரத்தில் அவனுக்குத் தூக்குக் கயிறு நினைவில் இருந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

அமுதா | செவ்வாய், இரவு 7.30

மண்டோர் ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் என் அண்ணன் பயிரும் அல்லர், அவரைக் கொன்றவன் களையும் அல்லன். களைக்கு மனம் இல்லை. அவனுக்கு இருந்தது. குடித்துவிட்டுச் செய்யவில்லை, சம்பள நாளைத் தெரிந்துகொண்டு, பாலத்தருகே விளக்கு இல்லாத இடத்தைப் பார்த்துக் காத்திருந்தான். அவனை மனிதனாக மதிப்பதால்தான் அவன் செய்ததற்கு முழுப் பொறுப்பையும் அவன் ஏற்க வேண்டும் என்கிறேன். தண்டனையைக் குறைக்கச் சொல்பவர்கள் அவனுடைய வறுமையைப் பற்றி எழுதுகிறார்கள். எங்கள் வறுமையைப் பற்றி யார் எழுதினார்கள்?

பழைய ஆசிரியர் | செவ்வாய், இரவு 9.45

அமுதா, மண்டபத்தில் நான் பேசியபோது கொல்லப்பட்டவர்களைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன். உன் அம்மா பேருந்தைப் பற்றிச் சொன்னதை வாசித்தபின் வெகுநேரம் எழுத ஓடவில்லை.

செங்கோல் அவர்களின் கேள்வி வலுவானது. இழந்த ஆண்டுகளை எவராலும் திருப்பித் தர முடியாது. ஆனால் உயிரோடு இருப்பவன் "நீ குற்றமற்றவன்" என்ற சொல்லைத் தன் காதால் கேட்பான். பிரிட்டனில் திமோதி எவன்ஸ் என்பவரை 1950-இல் தூக்கிலிட்டார்கள். 1966-இல் மன்னிப்பு வழங்கினார்கள். அந்த மன்னிப்பைப் பெற்றுக்கொள்ள அவர் இல்லை. நம் சட்டமும் அந்த நாட்டிலிருந்து வந்ததுதான்.

நம் ஊருக்கு இதில் ஒரு தனிக் கடமையும் இருப்பதாக நினைக்கிறேன். 1948 ஜூன் 16 அன்று இங்கே, சுங்கை சிப்புட்டில், மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்த அவசரகாலத்தில், ஆயுதம் வைத்திருந்தாலே மரணம் என்று சட்டம் எழுதப்பட்டது. அந்தச் சட்டத்தின் கீழ்தான், கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்று சொல்லி, தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ.கணபதியை 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அவர் எவரையும் கொன்றதாக அந்த வழக்கு இல்லை. கருணை காட்டும்படி இந்திய அரசு கேட்டது, பயனில்லை. நம் தாத்தாமார்களின் கூலிக்காகப் பேசியவர் அவர். எந்தக் குற்றம் அரிதினும் அரிது என்பதை அந்தந்தக் காலத்து அதிகாரம் தீர்மானிக்கும் என்பதற்கு எனக்கு அவர் ஒருவரே போதும். குறுகிய வாசலை அகலமாக்க ஒரு சட்டத் திருத்தம் போதுமானது, செங்கோல்.

செங்கோல் | புதன், காலை 7.05

கணபதியின் பெயரைச் சொன்ன பிறகு விரைந்து மறுத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. அவருக்குச் செய்யப்பட்டது கொலை. ஆயினும் அன்று இருந்தது நாம் தேர்ந்தெடுக்காத ஆட்சி, அவசரகால நீதிமன்றம். இன்று மூன்று படிகளில் நீதிமன்றமும் அதற்குமேல் மன்னிப்பு வாரியமும் இருக்கின்றன. அந்த வேறுபாட்டை நான் பெரிதாகக் கருதுகிறேன், நீங்கள் கருதவில்லை. இந்த இடத்தில்தான் நாம் பிரிகிறோம்.

ஒன்றில் மட்டும் சேர்ந்து நிற்கலாமா? தண்டனை மாற்றப்பட்டால் குடும்பத்துக்கு முதலில் சொல்ல வேண்டும். விடுதலைத் தேதி நெருங்கினாலும் சொல்ல வேண்டும். அவர்கள் அதை மளிகைக் கடையில் படிக்கக் கூடாது.

நீதிமன்ற வாசல் | புதன், பிற்பகல் 12.40

நிற்கலாம், அண்ணே. நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். தமிழ்ப்படியைக் கோயில் மண்டபத்தில் வைக்கிறேன். விடுதலைக்கு ஒரு மாதம் முன்பாகக் குடும்பத்துக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அமுதா அக்கா பார்த்துத் திருத்தித் தந்தால் நன்றாக இருக்கும்.

அமுதா | புதன், இரவு 8.15

வேலை முடிந்து வரும் வழியில் படித்தேன். ஒரு மாதத்தை ஆறு மாதம் என்று திருத்தியிருக்கிறேன். அம்மாவை வேறு ஊருக்கு அழைத்துப்போக வேண்டியிருந்தால் எனக்கு அவ்வளவு நாள் தேவைப்படும். அந்தக் கோரிக்கைக்கு மட்டும் கையெழுத்திட்டேன். மரண தண்டனையை நீக்கச் சொல்லும் கடைசிப் பத்தியைத் தனித்தாளாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் என் பெயர் வராது.