சிஐசிஎஸ் லிங்க்: 60 பதிவுகள் அனுப்பினால் 10 மட்டுமே போய்ச் சேருகின்றன (அவசரம்)

இரவுப்பணி: மெயின்பிரேமில் சிஐசிஎஸ் (பரிவர்த்தனைகளை நடத்தும் மென்பொருள்) கீழ் ஓடும் ஒரு கோபோல் நிரலிலிருந்து இன்னொன்றை லிங்க் கட்டளையால் அழைத்து, காம்ஏரியா (நிரல்களுக்கிடையே தரவைக் கடத்தும் நினைவகப் பகுதி) வழியாகப் பாலிசி விவரங்களை அனுப்புகிறேன். 40 பதிவுகள் ஒழுங்காகப் போகின்றன. 60 அனுப்பினால் அந்தப் பக்கம் 10தான் கிடைக்கின்றன. அபெண்ட் (நிரல் பிழையால் பாதியில் நிற்பது) இல்லை. காலையில் சோதனைக் குழுவிடம் ஒப்படைக்க வேண்டும், உதவுங்கள்.

பச்சைத்திரை: ஒரு பதிவு எத்தனை பைட்? இரண்டு நிரல்களும் ஒரே ரீஜனிலா (தனியாக ஓடும் ஒரு சிஐசிஎஸ் பிரதி)? அழைக்கப்படும் நிரலில் இஐபிகேலென் (வந்து சேர்ந்த காம்ஏரியாவின் நீளம்) எவ்வளவு?

மூத்தநிரலர்: காம்ஏரியாவின் உச்சவரம்பு 32,763 பைட். கையேட்டைப் புரட்டிய எவருக்கும் தெரிந்த விஷயம் இது. படித்துவிட்டு வந்து கேளுங்கள்.

எறும்பு: வரம்பு தாண்டினால் லெங்எர் (நீளப் பிழை) வரும், கையாளாமல் விட்டால் ஏஇஐவி அபெண்ட் ஆகும். இவருக்கு அபெண்டே இல்லையே? ரீஜன் தாண்டும்போது கடைசியில் உள்ள பைனரி பூஜ்யங்களை சிஐசிஎஸ் நீக்கிவிட்டு அனுப்பும். என் சந்தேகம் அதன்மீதுதான்.

பச்சைத்திரை: நீக்கியதை மறுபக்கம் திரும்ப நிரப்பிவிடும். அதனால் பதிவுகள் காணாமல் போகாது.

இரவுப்பணி: பதிவு 200 பைட். வேறு ரீஜன். இஐபிகேலென் 2000 காட்டுகிறது. எண்ணிக்கையை 200ஆல் பெருக்கி, பிக் எஸ்9(4) காம்ப் (நான்கு இலக்க பைனரி எண்) புலத்தில் போட்டு அதையே நீளமாகக் கொடுக்கிறேன்.

பச்சைத்திரை: அங்கேதான் கோளாறு. 60 × 200 = 12,000. டிரங்க்(எஸ்டிடி) (அறிவித்த இலக்கங்களுக்கு மேல் இருப்பதை வெட்டிவிடும் கம்பைலர் தேர்வு) போட்டுக் கம்பைல் செய்திருப்பீர்கள். அந்த இரண்டு பைட்டில் 32,767 வரை இடம் இருந்தாலும், நான்கு இலக்கம் என்று அறிவித்ததால் முன்னால் உள்ள 1 உதிர்ந்து 2000 மிஞ்சுகிறது. 49 பதிவுகள்வரை சரியாகப் போகும். 50 அனுப்பினால் நீளம் பூஜ்யமாகிவிடும். புலத்தை, இப்படி இலக்கம் வெட்டாத காம்ப்-5 ஆக மாற்றுங்கள்.

மூத்தநிரலர்: இது வெறும் ஒட்டுவேலை. 164ஆவது பதிவில் 32,800 பைட் ஆகி மறுபடியும் நிற்கும். ரீஜன்களுக்கிடையே 24 கேபிக்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அப்படிப் பார்த்தால் 122 பதிவுகள்தான். காம்ஏரியாவின் நீள வரம்பு இல்லாமல் தரவைக் கடத்தும் சேனலும் கன்டெய்னரும் 2005இலேயே சிஐசிஎஸ் 3.1 பதிப்பில் வந்துவிட்டன. இன்னும் காம்ஏரியாவைக் கட்டிக்கொண்டு அழுவது ஏன்?

எறும்பு: ஓடிக்கொண்டிருக்கும் நிரலை ஒரே இரவில் சேனலுக்கு மாற்றச் சொல்வது நியாயமா? டிஎஸ் கியூவில் (சிஐசிஎஸ்ஸின் தற்காலிகச் சேமிப்பு வரிசை) எழுதி, அதன் பெயரை மட்டும் அனுப்பலாமே.

மூத்தநிரலர்: கியூவிலும் ஓர் உருப்படிக்குக் கிட்டத்தட்ட அதே வரம்புதான். ஒவ்வொரு டாஸ்க்குக்கும் தனிப்பெயர் வேண்டும், வேலை முடிந்ததும் அழிக்க வேண்டும், மற்ற ரீஜனுக்கும் அந்தக் கியூ எட்ட வேண்டும். சேனலில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

எறும்பு: பல உருப்படிகளாகப் பிரித்து எழுதுவதற்குத்தானே கியூ இருக்கிறது? தனிப்பெயருக்கு டெர்மினல் அடையாளமும் டாஸ்க் எண்ணும் போதும்.

இரவுப்பணி: காம்ப்-5 ஆக்கினேன். 60ம் போய்ச் சேர்ந்தன. மிக்க நன்றி.

பச்சைத்திரை: மகிழ்ச்சி. ஒரு வாடிக்கையாளருக்கு அதிகபட்சம் எத்தனை பாலிசிகள் வரும்? அதைச் சொன்னால்தான் சேனலுக்கு மாற வேண்டுமா என்று பார்க்க முடியும்.