இறங்கும்போது செஸ்னா திடீரென்று சாய்ந்தது: வெப்பக்காற்றா, முன்னால் போன விமானமா?

காட்பாடிப் பெண்: வணக்கம். பைலட் பயிற்சியில் இருக்கிறேன், லீவுக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். சமீபத்தில் செஸ்னா 172 என்ற சிறு பயிற்சி விமானத்தில் தனியாக இறங்கும்போது, ஏறத்தாழ 100 அடி உயரத்தில் விமானம் சட்டென்று வலது பக்கம் சாய்ந்தது. இடப்பக்கம் முழு ஏலரான் (சாய்வைத் திருத்தும் இறக்கை மடல்) கொடுத்தும் உடனே நிமிரவில்லை. பவர் கொடுத்து மேலேறி, சுற்றி வந்து இறங்கினேன். பள்ளியில் "வெயில் நேரத்து வெப்பக்காற்று" என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. முன்னால் ஒரு ஏ320 பயணிகள் ஜெட் இறங்கியிருந்தது. ஆனால் லாரி கடக்கும்போது பைக் ஆடுவது மாதிரி என்றால், அது எப்போதோ போய்விட்டதே?

ராணிப்பேட்டை (ஓய்வு, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு): காற்று எவ்வளவு, எந்தப் பக்கமிருந்து? ஏ320 எங்கே சக்கரம் பதித்தது?

காட்பாடிப் பெண்: 4 நாட் (மணிக்கு ஏறத்தாழ 7 கி.மீ.), இடது பின் மூலையிலிருந்து. வழக்கமான இடத்தில்தான் பதித்தது சார். நானும் சரியான இறங்கு பாதையில்தான் வந்தேன்: பாப்பியில் (ஓடுபாதை ஓரம் இறங்கு கோணத்தைக் காட்டும் விளக்குகள்) இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு.

ராணிப்பேட்டை: அப்படியென்றால் வேக் டர்புலன்ஸ்தான்மா, முன்னால் போன விமானம் விட்டுச்செல்லும் காற்றுச் சுழல். வெப்பக்காற்று பெரும்பாலும் தூக்கிப் போடும், இப்படி ஒரே பக்கமாக உருட்டாது. இது என்ஜின் காற்றும் இல்லை. இறக்கை எடையைத் தாங்கும்போது இரு நுனியிலும் எழும் சுழல். விமானம் போன பிறகும் நிமிடக்கணக்கில் நிற்கும், நிமிடத்துக்கு 300 முதல் 500 அடி வரை இறங்கும். தரையை நெருங்கியதும் 2, 3 நாட் வேகத்தில் வெளிப்பக்கம் நகரும். உங்கள் இடப்பக்கக் காற்று இடது சுழலை நகரவிடாமல் பாதை மேலேயே நிறுத்தியிருக்கும், பின்காற்று அதை முன்னே தள்ளியிருக்கும். பின்னாலிருந்து பார்த்தால் இடது சுழல் கடிகாரத் திசையில் சுற்றும். அதில் மாட்டினால் வலது பக்கம்தான் சாயும். நீங்கள் சொன்னதோடு அப்படியே பொருந்துகிறது.

கம்மவான்பேட்டை: 7.1.2017 அன்று அரபிக்கடலுக்கு மேல் ஏ380 என்ற மிகப் பெரிய பயணிகள் விமானத்துக்கு 1,000 அடி கீழே கடந்த சேலஞ்சர் 604 என்ற சிறிய ஜெட் பலமுறை உருண்டு, ஏறத்தாழ 9,000 அடி இழந்து, மஸ்கட்டில் போய் இறங்கியது. இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதே தங்கச்சி. நீ மேலேறிப் போனது மிகச் சரி.

காட்பாடிப் பெண்: நன்றி அண்ணா. சார், இனி என்ன செய்யட்டும்?

ராணிப்பேட்டை: இந்தச் சுழலுக்காக விமானங்களை எடைப்படி பிரிப்பார்கள்: 7 டன்னுக்குள் இருப்பது லைட், அதற்கு மேல் 136 டன்னுக்குள் மீடியம். ஏ320 மீடியம், உங்களுடையது ஒரு டன் சொச்சம். மீடியத்துக்குப் பின்னால் லைட் இறங்கினால் ராடாரில் 5 கடல் மைல், இல்லையென்றால் 3 நிமிடம் இடைவெளி. ஆனால் "முன்னால் போவது தெரிகிறது, பின்தொடர்கிறேன்" என்று நீங்கள் ஒப்புக்கொண்டால், இடைவெளி உங்கள் பொறுப்பாகிவிடும். டவரிடம் கூடுதல் இடைவெளி கேட்கத் தயங்கவே கூடாது. அப்புறம், பெரிய விமானம் வந்த பாதைக்கு மேலேயே வாருங்கள், அது சக்கரம் பதித்த இடத்தைத் தாண்டிப் பதியுங்கள். ஜெட் இறங்கும் ஓடுபாதையில் செஸ்னாவுக்கு இடம் தாராளமாக மிஞ்சும்.

காட்பாடிப் பெண்: காற்றே இல்லாத நாளில் பயம் குறைவுதானே?

ராணிப்பேட்டை: இல்லைம்மா. காற்று பலமாக இருந்தால்தான் சுழல் சீக்கிரம் கலையும். அமைதியான காலை நேரத்தில் ஜெட்டுக்குப் பின்னால் வந்தால் இன்னும் ஒரு நிமிடம் சேர்த்துக் கேளுங்கள்.