மறு: ‘மில்க் ஷெட்’ - தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

‘மில்க் ஷெட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் சேர்க்கத் தமிழ்ச்சொல் தேடும் நம் இழை நீண்டுவிட்டது. பால்படுகை, பால்வடிநிலம், பால் உற்பத்திப் பகுதி, பால் மண்டலம் என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. கையில் கிடைத்த ஒரு வரைவில் ‘பால் கொட்டகை’ என்றுகூட இருந்ததாக ஒரு தோழி எழுதியிருந்தார். கொட்டகையை முதலில் தள்ளிவிடலாம். வாட்டர் ஷெட்டில் வரும் ஷெட் மாட்டுக் கொட்டகை அல்ல. மழைநீர் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பிரிந்து ஓடுவதைச் சொல்வது. அதைப் பார்த்து அமெரிக்காவில் ஆக்கிய சொல்தான் மில்க் ஷெட். நியூயார்க், பாஸ்டன் மாதிரி நகரங்களுக்கு எந்தெந்த ஊர்களிலிருந்து பால் ரயிலேறி வந்ததோ, அந்த நிலப்பரப்பு முழுவதற்கும் அங்கே அப்படிப் பெயர்.

ஒரு பால் ஒன்றியத்தின் கொள்முதல் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அதனால் இந்தச் சொல்லில் எனக்கு அக்கறை கொஞ்சம் அதிகம். என் கருத்து இதுதான்: அந்த ஆங்கிலச் சொல்லுக்குள் இரண்டு பொருள்கள் இருக்கின்றன: பால் வரும் நிலப்பரப்பு என்ற பொதுப் பொருள் ஒன்று, சட்டப் பொருள் ஒன்று. இரண்டுக்கும் ஒரே தமிழ்ச்சொல்லைப் போட்டால், சட்டம் யாரைக் கட்டுகிறது என்பது மறைந்துபோகும்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1991 தொழில் கொள்கையில் பால்பண்ணைத் தொழிலுக்கு உரிமம் தேவையில்லை என்று ஆனது. புதிய ஆலைகள் முளைத்தன. வெண்மைப் புரட்சித் திட்டம் 1970இலிருந்து கட்டியெழுப்பிய கூட்டுறவுகளின் பாலுக்கே அவையும் போட்டி போடும் என்ற கவலை எழுந்தது. அடுத்த ஆண்டே, 1992 ஜூனில், 1955ஆம் ஆண்டு அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் கீழ் பால், பால்பொருள் ஆணை வந்தது. நாளொன்றுக்கு 10,000 லிட்டருக்கு மேல் பால் கையாளும் ஆலை, அல்லது ஆண்டுக்கு 500 டன்னுக்கு மேல் பாலின் திடப்பொருளைக் கையாளும் ஆலை, பதிவுச் சான்றிதழ் பெற வேண்டும். அந்தச் சான்றிதழோடு சேர்த்து ஆலைக்கு ஒரு மில்க் ஷெட் ஒதுக்கப்படும். அதற்கு ஆணை தரும் விளக்கத்தின் சாரம்: சான்றிதழ் வைத்திருப்பவர் பால் சேகரிப்பதற்காகப் பதிவு அதிகாரி நில அளவில் வரையறுத்துக் கொடுக்கும் பரப்பு.

அந்த விளக்கத்தில் எழுவாய் யார் என்று பாருங்கள். வரைபவர் அதிகாரி. கட்டுப்படுபவர் பால் வாங்கும் ஆலைக்காரர். மாடு வைத்திருப்பவர் அந்த வாக்கியத்திலேயே இல்லை. இதை ‘பால் உற்பத்திப் பகுதி’ என்று பெயர்த்தால், படிப்பவருக்கு என்ன தோன்றும்? அந்தப் பகுதிக்குள் உற்பத்தியாகும் பாலெல்லாம் அந்த ஆலைக்குரியது, அங்கே மாடு வைத்திருப்பவர் வேறு யாருக்கும் ஊற்றக்கூடாது என்றுதான் தோன்றும். ஆணை அப்படிச் சொல்லவில்லை. 10,000 லிட்டருக்குக் கீழே கையாளும் வியாபாரிக்குப் பதிவே தேவையில்லை. அவர் பாட்டுக்கு வாங்கிக்கொண்டிருந்தார். ஊருக்குள் சைக்கிளில் கேன் கட்டி வரும் பால்காரருக்கும் எந்தத் தடையும் இல்லை.

உற்பத்தியாளரையே கட்டிய சட்டமும் உலகத்தில் உண்டு. இங்கிலாந்திலும் வேல்சிலும் 1933இல் பால் விற்பனை வாரியம் அமைந்தது. 1994 வரை அங்கே பண்ணைக்காரர்கள் அந்த வாரியம் வழியாகத்தான் பாலை விற்க வேண்டும். கட்டு யார் மேல் என்பதில் அதற்கும் நம்முடைய 1992 ஆணைக்கும் நேர் எதிரான வேறுபாடு. சொல் அந்த வேறுபாட்டைக் காட்டாவிட்டால் நாளைக்கு ஒரு சங்கத்தின் செயலாளர் தமிழ்ப் பெயர்ப்பைக் காட்டி, “நீ வெளியில் பால் ஊற்றக்கூடாது, சட்டம் இருக்கிறது” என்று ஒரு உறுப்பினரிடம் சொன்னால் அவரால் மறுத்துப் பேச முடியாது. கலைச்சொல்லைப் புழங்கப்போவது நாம் மட்டும் இல்லை.

> “பால்படுகை என்பது அழகாக இருக்கிறது. ஆற்றுப்படுகை, காவிரிப்படுகை என்று பழகிய சொல். மூலத்தின் உவமையும் அப்படியே வந்துவிடுகிறது.”

அழகுதான். ஆனால் நீர் சரிவைப் பார்த்து ஓடும், சரிவு மாறாது. பால் விலையையும் நேரத்தையும் பார்த்துப் போகிறது. கறந்த பாலை நம் வெயிலில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் குளிர்விக்காமல் வைக்க முடியாது. கொள்முதல் வழித்தடத்தின் நீளத்தை ஒரு காலத்தில் தீர்மானித்தது அந்தக் கணக்குத்தான். கடைசிச் சங்கத்தில் கேன் ஏற்றி, குளிர்விப்பு நிலையத்தில் இறக்குவதற்குள் பால் திரியக்கூடாது. கிராமத்திலேயே 4 டிகிரிக்குக் குளிர்விக்கும் தொகுப்புக் குளிர்விப்பான் வந்தபிறகு அதே ஆலை எத்தனையோ மடங்கு தூரத்திலிருந்து டேங்கரில் பால் எடுக்கிறது. ஒரு இயந்திரம் வந்ததும் படுகையே விரிந்துவிட்டது. எந்த ஆற்றுக்கும் அப்படி நடக்காது.

விலைக்கும் இதே கதைதான். மாவட்ட எல்லையில் ஒரு ஊர். சாலைக்கு இந்தப் பக்கம் கூட்டுறவுச் சங்கம், எதிரே தனியார் சேகரிப்பு மையம். காலையில் ஆறு மணிக்கு ஒருவர் தூக்குவாளியோடு வருகிறார். சங்கத்தில் மாதிரி எடுத்து, கொழுப்பு, இதர சத்து இரண்டையும் பார்த்துச் சீட்டில் எழுதுகிறார்கள். பட்டுவாடா பத்து நாள் கழித்து. எதிரே அளவு மட்டும் பார்த்துக் கையில் காசு. அவர் காலைப் பாலைச் சங்கத்துக்கும் மாலைப் பாலை எதிர்ப்பக்கமும் ஊற்றுகிறார், ஏனென்றால் சங்கத்தில் போனஸும் தீவனமும் வேண்டும், வீட்டுச் செலவுக்கு இன்றைக்குக் காசும் வேண்டும். இவருடைய மாடு எந்தப் படுகையில் இருக்கிறது? படுகை என்று சொன்னால் இயற்கையே வகுத்த கோடு போல ஒரு தோற்றம் வருகிறது. அந்தக் கோட்டை ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்து ஒருவர் வரைகிறார். அதனால் யாரோ ஆதாயம் அடைகிறார்கள், யாரோ இழக்கிறார்கள். பால்வடிநிலம் என்பதற்கும் நான் இதையேதான் சொல்வேன்.

ஒரே ஒரு வாங்குபவருக்கு ஒரு வட்டாரத்தை எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய சான்று இருக்கிறது. 1945இல் பம்பாய் மாகாண அரசு, நகரத்துக்குப் பால் கொண்டுவரும் திட்டத்தில், கேடா மாவட்டத்துப் பாலை எடுக்கும் உரிமையைப் போல்சன் என்ற தனியார் நிறுவனத்துக்கு மட்டும் கொடுத்தது. பம்பாய்க்கும் அந்த மாவட்டத்து ஆனந்த் நகருக்கும் இடையே 400 கிலோமீட்டருக்கு மேல். நகரத்தில் கிடைத்த நல்ல விலை கறவைக்காரருக்கு வந்து சேரவில்லை. 1946இல் விவசாயிகள் பதினைந்து நாள் பால் ஊற்றாமல் நிறுத்தினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் பதிவானதுதான் கேடா மாவட்டப் பால் உற்பத்தியாளர் ஒன்றியம், இன்றைய அமுல்.

அதே ஒன்றியத்தின் பெயர் 2023 மே மாதம் தமிழ்நாட்டில் அடிபட்டது நினைவிருக்கும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் குளிர்விப்பு நிலையங்களும் ஆலையும் நிறுவி, தருமபுரி, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், காஞ்சிபுரம், திருவள்ளூர் வரை சுற்றுவட்டாரத்தில் பால் கொள்முதல் செய்யத் திட்டமிடுகிறது என்று முதல்வர் மு.க. ஸ்டாலின் ஒன்றிய அமைச்சர் அமித் ஷாவுக்குக் கடிதம் எழுதினார். ஒரு கூட்டுறவின் மில்க் ஷெட்டுக்குள் இன்னொரு கூட்டுறவு நுழையாமல் இருப்பதுதான் இந்தியாவில் வழக்கம் என்பது அந்தக் கடிதத்தின் வாதம். வழக்கம் என்ற சொல்லைக் கவனியுங்கள். சட்டத்தில் அந்த ஏற்பாடு அப்போது இல்லை. 2002 மார்ச்சில் ஆணையைத் திருத்தி மில்க் ஷெட் ஒதுக்கீட்டையே எடுத்துவிட்டார்கள். 2011 ஆகஸ்டில் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது ஆணையும் போய்விட்டது. ஆகவே 1992 முதல் 2002 வரை அந்தச் சொல் சட்டச்சொல். அதற்கு முன்னும் பின்னும் அது இடத்தையும் வழக்கத்தையும் குறிக்கும் பொதுச்சொல். இந்த விவரம் தெரியாமல் 2023 செய்தியையும் 1992 ஆணையையும் ஒரே சொல்லால் பெயர்த்தால், அமுல் ஏதோ சட்டத்தை மீறியது போல ஆகிவிடும். ஆவினின் பக்கம் நின்று பேசுபவன்தான் நான். ஆனால் அந்த வாதத்தை வழக்கம், கூட்டுறவு நெறி என்ற அடிப்படையில் வைக்க வேண்டும், இல்லாத சட்டத்தை வைத்து அல்ல.

சரி, என் பரிந்துரைக்கு வருகிறேன்.

பொதுப் பொருளுக்கு பால்வரத்துப் பகுதி. அணைக்கு நீர்வரத்து என்கிறோம், வரத்து வாய்க்கால் என்கிறோம். சந்தையில் காய்கறி வரத்து, பால் வரத்து என்கிறோம். நீரின் சாயலும் சந்தையின் நடைமுறையும் ஒரே சொல்லில் நமக்கு ஏற்கெனவே இருக்கின்றன. படுகை வேண்டும் என்ற நண்பர் விரும்பியதும் இதில் கிடைக்கிறது. வரத்து கூடும், குறையும், திசை மாறும். கோடு எதையும் அது போடவில்லை.

சட்டப் பொருளுக்கு பால் கொள்முதல் எல்லை. கொள்முதல் என்றதும் கட்டு வாங்குபவர் மேல் என்பது தெரிந்துவிடும். கூட்டுறவிலும் தனியாரிடத்திலும் புழங்கும் சொல்லும் அதுதான்: கொள்முதல் விலை, கொள்முதல் வழித்தடம், கொள்முதல் பிரிவு. இலங்கை நண்பர்கள் கொள்வனவு எல்லை என்று வைத்துக்கொள்ளலாம், பொருள் மாறாது.

> “எல்லை என்றால் கோடுதானே? பரப்பைச் சொல்ல வேண்டாமா?”

காவல் நிலைய எல்லை, ஊராட்சி எல்லைக்கு உட்பட்ட பகுதி, மாநகராட்சி எல்லைக்குள் என்றெல்லாம் எழுதும்போது கோட்டுக்கு உள்ளே இருக்கும் பரப்பைத்தான் சொல்கிறோம். அரசாணைத் தமிழில் இது நன்றாகப் பழகிவிட்டது. இன்னொரு வசதி, இந்தச் சொல் கிளைக்கிறது. எல்லை ஒதுக்கீடு, எல்லை மீறல், எல்லை மாற்றம் எல்லாம் தானாக வரும். ‘பகுதி மீறல்’ என்று எழுதிப் பாருங்கள், நாக்கு ஒத்துழைக்காது. ஆணையின் நடையில் ஒரு வாக்கியம் வைத்துப் பார்க்கலாம்: “சான்றிதழ் பெற்றவர் தமக்கு ஒதுக்கப்பட்ட பால் கொள்முதல் எல்லைக்கு வெளியே பால் சேகரித்தல் ஆகாது.” எனக்கு இது இடறவில்லை.

சேகரிப்பு எல்லை என்று போடலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். மூலச்சொல்லுக்கு அது நெருக்கம்தான். ஆனால் சேகரிப்பு என்பது நம் ஊர்களில் கேன் எடுக்கும் வேலையைக் குறிப்பதாகிவிட்டது. சேகரிப்பு மையம் என்றால் ஒரு அறையும் ஒரு தராசும். இங்கே நாம் சொல்ல வருவது வாங்கும் உரிமை.

‘பால் மண்டலம்’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மின்வாரியத்திலிருந்து போக்குவரத்து வரை எல்லாருக்கும் மண்டலம் இருக்கிறது; அது நிர்வாகப் பிரிவு.

அப்புறம், அமெரிக்கக் கூட்டாட்சிப் பால் விற்பனை ஆணைகளைப் பெயர்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1937 சட்டத்தின் கீழ் வந்த அந்த ஆணைகள் இப்போது பதினொன்று. அவற்றில் சட்டச்சொல் மில்க் ஷெட் அல்ல, ‘மார்க்கெட்டிங் ஏரியா’. அது பால் எங்கே விற்கிறது என்பதை வைத்து வரைந்த பரப்பு. எங்கே கறந்தது என்பதை வைத்து அல்ல. வேறு மாநிலத்துப் பண்ணையின் பாலும் அதற்குள் வந்து விற்றால் கணக்கில் சேரும். யார் எங்கே வாங்கலாம் என்று அந்த ஆணை பேசுவதில்லை. வாங்குபவர் குறைந்தது என்ன விலை கொடுக்க வேண்டும் என்று பேசுகிறது. குடிக்கும் பாலுக்கு ஒரு விலை, தயிர், ஐஸ்கிரீம் வகைக்கு ஒன்று, பாலாடைக்கட்டிக்கு ஒன்று, வெண்ணெய்க்கும் பால்பொடிக்கும் ஒன்று என்று நான்கு வகை. அந்தப் பணத்தையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து உற்பத்தியாளர்களுக்குச் சமமாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். வகைக்கு ஒன்றாக இருப்பதை வகைவாரி விலை என்றும் கடைசியாக உற்பத்தியாளர் கைக்கு வருவதைத் தொகுவிலை என்றும் சொல்லலாம். ‘கலப்பு விலை’ வேண்டவே வேண்டாம். பாலோடு கலப்பு சேர்ந்தால் கலப்படம்தான் காதில் விழும். மார்க்கெட்டிங் ஏரியாவுக்கு பால் விற்பனை எல்லை. கொள்முதல் எல்லைக்கு எதிர்ப்பக்கத்தில் பொருத்தமாக உட்காரும்.

அகராதிக்கு அனுப்பும்போது மில்க் ஷெட் என்ற பதிவின் கீழ் இரண்டு சொற்களையும் தனித்தனியாக எண்ணிட்டுக் கொடுக்கலாம். சட்டப் பொருளுக்கு நேரே 1992-2002 என்று ஆண்டும் இருக்கட்டும். பதிவு செய்யும் அதிகாரம் உள்ளவரைப் ‘பதிவு அதிகாரி’ என்று இந்த மடலில் எழுதியிருக்கிறேன். மைய அரசுக்கும் மாநில அரசுக்கும் தனித்தனியாக அந்த அதிகாரம் இருந்ததால் ‘பதிவு அதிகார அமைப்பு’ என்பது இன்னும் சரியாக இருக்குமா என்று சட்டத்துறை நண்பர்கள் சொல்ல வேண்டும். அதைத் தனி இழையில் வைத்துக்கொள்ளலாம்.